போசி போன இடம்

"இந்தாங்க தம்பி, உங்க போசி" என்று காளியாத்தாள் எவர்சில்வர் பாத்திரத்தை நீட்டியபோது நவநீதகிருஷ்ணன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அது உங்களுக்குன்னு குடுத்ததுங்க அக்கா."

"கொய்யாப்பழம் எங்களுக்கு. போசி உங்குளுது. பழத்தத் தின்னுட்டோம், போசியத் தின்ன முடியுங்களா?"

"போசியும் சேர்த்துத்தான் குடுத்தேன்."

"அட, நீங்க ஒண்ணு" என்று சிரித்தபடி காளியாத்தாள் அதை வாசற்படியில் வைத்துவிட்டு, இரண்டு வீடு தள்ளியிருந்த தன் வீட்டுக்கு நடையைக் கட்டினார். போன தூக்குப்போசி லேசாகப் போயிருந்தது. வந்த போசி கனத்துக் கிடந்தது. மூடியைத் திறந்தால் முருங்கைக்காய்ச் சாம்பார், ஆவி பறக்க.

நவநீதகிருஷ்ணனுக்கு நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை. இரண்டு மாதத்துக்கு முன்பு வரை அவரும் எல்லாரையும் போல மிக்ஸியில் அரைத்த சட்னியைத் தின்று, பிரிட்ஜில் வைத்த மோரைக் குடித்து, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தவர்தான். சேலத்தில் 'கையளவு' என்ற அமைப்பு நடத்திய ஒருநாள் கூட்டத்துக்குப் போனதில் வந்தது வினை. தேவைக்கு மேல் சேர்த்து வைத்திருப்பவர்கள் பூமிக்குப் பாரம் என்று ஜாக்குலின் அம்மா மேடையில் பேசியபோது, தன் தொப்பையைப் பார்த்துத்தான் சொல்கிறாரோ என்று முதலில் சந்தேகப்பட்டார். மத்தியானத்துக்குள் மனம் மாறிவிட்டது. மாறிய கையோடு, குறைவாக வாங்குவது எப்படி என்று ஏழெட்டுப் புத்தகங்கள் வாங்கினார்.

பிளாஸ்டிக் பையை ஒழிப்பதற்காக அலமாரி நிறையத் துணிப்பை வாங்கினார். பிரிட்ஜின் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்தப் புத்தகங்களை அதற்குள் அடுக்கினார். காஸ் அடுப்பில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கத்துத் திருகைக் கம்பி போட்டுக் கட்டினார். மிக்ஸியைத் தூக்கிப் பரணில் வைத்தார்.

மனைவி தனப்பிரியா இதையெல்லாம் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதற்கும் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே இல்லை என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. போன வாரம் ஒரு நாள் ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து மிக்ஸியை இறக்கி, ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

"எருமப்பட்டில மாரியம்மன் கோயில் நோம்பி சாட்டியிருக்காங்க. அப்பா ஊட்டுக்குப் போய்ட்டு வாரேனுங்க."

"மிக்ஸி எதுக்கு புள்ள?"

"நமக்குத் தேவையில்லீன்னு நீங்கதானே சொன்னீங்க. தேவைப்படற எடத்துக்குப் போகட்டும்."

நவநீதகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரைத் திருத்துகிறவர்களால்கூட வீட்டைத் திருத்த முடிவதில்லை. தன்னால் முடிந்துவிட்டதே என்று நெகிழ்ந்துபோனார். பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றார்.

"வெயில்ல நீங்க எதுக்கு? ரோசியக்கா வண்டில கொண்டு உட்டுருவாங்க" என்றாள் தனப்பிரியா.

ரோசி எதிர்வீடு. வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டிய ஸ்கூட்டியில் மனைவி ஏறிப் போனதை இவர் வாசலில் நின்று பார்த்தார். தெருமுனையில் திரும்பும்போது தனப்பிரியா கை காட்டினாள். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் ஜாக்குலின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. எப்படிப் போகிறது எளிய வாழ்க்கை என்று அவர் கேட்க, நவநீதகிருஷ்ணனின் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரே சட்டி, ஒரே தட்டுங்கம்மா. நானே கம்பங்கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறேன். சமையலறையில வேற ஒரு சாமான் கிடையாது."

"அருமைங்க. அப்ப வர ஞாயித்துக்கிழமை நம்ம கூட்டத்தை உங்க வீட்டிலேயே வெச்சுக்கலாம். எல்லாரும் வந்து கண்ணால பார்க்கட்டும்."

போனை வைத்துவிட்டு நவநீதகிருஷ்ணன் சமையலறையைப் பார்த்தார். பரண் முழுக்க எவர்சில்வர். அடுக்கு, குண்டா, தூக்குப்போசி, சம்படம் என்று தனப்பிரியாவுக்கு அவள் அப்பா சின்னுசாமி கொடுத்த சீர், ஒவ்வொன்றிலும் அவள் பெயர் வெட்டி, மின்னிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இவ்வளவும் போக வேண்டும். போகாவிட்டால் போனில் பொய் சொன்னவன் என்று சேலம் வரைக்கும் பெயர் நாறிவிடும். மிக்ஸியையே துறந்தவள் போசிக்கா அழப்போகிறாள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

வெறும் பாத்திரத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும் வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. அதனால் ஒவ்வொன்றிலும் கொல்லைக் கொய்யாப்பழம் நாலைந்து போட்டுத் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தார். அங்கேதான் தப்புப் பண்ணினார். பழத்தோடு போன பாத்திரம் பாத்திரக்காரர் வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும், திரும்பும்போதும் வெறுமனே திரும்பக் கூடாது என்பதும் அதே பக்கத்து வழக்கம். பாதி வழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு மீதியை மறந்துவிட்டார்.

சாம்பாருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அங்கமுத்து வந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். கையில் குண்டா, குண்டா நிறையக் கொள்ளுப் பருப்பு. அவருக்குப் பின்னால் தெருமுனை வாத்தியார் வீட்டிலிருந்து அடுக்கில் தக்காளிச் சோறு. பொழுது சாய்வதற்குள் போன பாத்திரங்களில் பாதி வந்துவிட்டன.

பிரிட்ஜில் வைக்கலாம் என்றால் அங்கே புத்தகங்கள் இருந்தன. கீழே கொட்டலாம் என்றால் மனம் வரவில்லை. சோற்றை வீணாக்குவதைவிடப் பெரிய பாவம் இல்லை என்று ஜாக்குலின் அம்மா சொல்லியிருக்கிறார். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டார். காய்ச்சி வைத்த கம்பங்கஞ்சி ஒரு மூலையில் ஆடை கட்டிக் கிடந்தது.

எல்லாமே வாய்க்கு வக்கணையாக இருந்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எதிலும் கத்திரிக்காய் இல்லை. அவருக்குக் கத்திரிக்காய் ஆகாது, உடம்பெல்லாம் அரிக்கும். பூச்சிமருந்துக் கத்திரிக்காயைப் பற்றித் தெரு வாட்ஸப் குழுவில் தான் எழுதிய நீளமான கட்டுரைக்கு இப்படி ஒரு பலன் இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. மூன்று வீட்டுச் சமையலும் ஒரே கைமணமாக இருந்ததையும் கவனித்தார். காவிரித் தண்ணீர் என்று முடிவு கட்டினார்.

மறுநாள் காளியாத்தாள் ரசம் கொண்டுவந்தபோது, நல்ல வார்த்தை ஒன்று சொல்லாமல் வாங்குவது மரியாதையில்லை என்று தோன்றியது.

"அக்கா, உங்க கைப்பக்குவமே தனிங்க. என்ற சம்சாரம் வெக்கிற ரசமெல்லாம் இதுகிட்ட நிக்குமா?"

காளியாத்தாளின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு தடவை எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார். "அப்படியெல்லாம் சத்தமாச் சொல்லாதீங்க தம்பி."

"உள்ளதச் சொல்றதுக்கு என்னங்க? அவ ரசம் வெச்சா புளிக்கரைசல்தான். மொளகு எதுக்கு இருக்குதுன்னே அவளுக்குத் தெரியாது."

"ஐயோ சாமி" என்று முனகிக்கொண்டே காளியாத்தாள் போய்விட்டார். அடுத்த நாள் வந்த ரசத்தில் தண்ணீரைவிட மிளகு அதிகமாக இருந்தது. வீணாக்கக் கூடாதே என்று மூக்கையும் கண்ணையும் துடைத்துத் துடைத்து ஒரு போசி ரசத்தையும் குடித்து முடித்தார். பாராட்டினால் இந்தத் தெருவில் இப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

இனி சாப்பிட முடியாது என்ற நிலை வந்ததும் வேறு யோசனை செய்தார். காளியாத்தாள் கொண்டுவந்ததை அங்கமுத்துவுக்கும், அங்கமுத்து கொண்டுவந்ததை வாத்தியார் வீட்டுக்கும் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் அல்லவா? கொடுத்தார். கணக்கு இரட்டிப்பாகிவிட்டது. இதுவரை ஒரு பாத்திரத்துக்கு ஒரு குழம்பு வந்துகொண்டிருந்தது. இப்போது குழம்போடு தொட்டுக்கொள்ள ஒரு பொரியலும் சேர்ந்து வந்தது.

"அங்கமுத்தண்ணா, நான் திருப்பிக் குடுங்கன்னு கேக்கவே இல்லையே. நீங்களே வெச்சுக்கங்க."

"அதெப்படிங்க தம்பி? பாத்திரத்துல தனப்பிரியான்னு பேரு வெட்டியிருக்குது. பேருக்காரங்ககிட்டத்தானே குடுக்கோணும்? குடுத்துட்டோம்."

"எங்கிட்டத்தானே குடுக்கறீங்க?"

"ஆமாமா, கடேசில உங்ககிட்டத்தானே வருது" என்று சொல்லிவிட்டு அங்கமுத்து வேகமாக உள்ளே போய்விட்டார்.

மிச்சத்தை சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். ஸ்கூட்டரைத் துறந்ததிலிருந்து சைக்கிள்தான். மேட்டில் மிதித்ததில் குழம்பில் பாதி அவருடைய வேட்டிக்குப் போனது. மீதியைக் கடையில் வேலை செய்யும் கலையரசன் சப்புக்கொட்டிச் சாப்பிட்டான். அவனாவது போசியை வைத்துக்கொள்வான் என்று நம்பினார். மறுநாள் போசி நிறையக் குழிப்பணியாரம் வந்தது.

"ஊட்டுல சொன்னாங்கண்ணா, வெறும் போசியா குடுக்கக் கூடாதுன்னு."

அந்தப் பணியாரம் மட்டும் ருசியில் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. கலையரசனுக்கு எருமப்பட்டிப் பக்கம். அங்கே காவிரித் தண்ணீர் இல்லாததால் இருக்கும் என்று அதற்கும் காரணம் கண்டுபிடித்தார்.

வீட்டில் உட்கார்ந்து வாயில் பணியாரம் வைத்திருக்கும்போதே தனப்பிரியாவிடமிருந்து போன் வந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"ம். கம்பங்கஞ்சி."

"கஞ்சியவா இத்தன நேரம் மெல்றீங்க?"

"மென்னு சாப்பிட்டாத்தான் புள்ள சத்து ஒட்டும்." அவசரமாக விழுங்கிவிட்டுப் பேச்சை மாற்றினார். "நோம்பி முடிஞ்சுதா?"

"கோயில்ல நட்ட கம்பத்த இன்னும் புடுங்கலீங்க."

"எப்பப் புடுங்குவாங்க?"

"நட்டவங்களுக்கு மனசு வரணும்ங்களே."

அப்போது தெருவில் குப்பை வண்டி, மக்கும் குப்பை மக்காத குப்பை என்று மைக்கில் பாடிக்கொண்டு போனது. போனுக்குள்ளும் அதே பாட்டுக் கேட்டது.

"அங்கயும் இதே வண்டியா புள்ள?"

போனில் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. "எல்லா ஊருக்கும் இப்ப ஒரே பாட்டுதானுங்க" என்றாள்.

"நல்லதாப் போச்சு. மாமாவக் குப்பையப் பிரிச்சுப் போடச் சொல்லு" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

வைத்த பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. அவள் இருந்தால் இந்நேரம் டிவி ஓடிக்கொண்டிருக்கும், நாலு திட்டு விழுந்திருக்கும். எளிமையாக வாழ்ந்தால் மனம் லேசாகும் என்றுதான் கூட்டத்தில் சொன்னார்கள். இவருக்கு வயிறு கனத்தது, மனமும் கனத்தது. சீக்கிரம் வந்துவிடேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மிக்ஸியைக் கொண்டு வா என்றும் சொல்ல வேண்டியிருக்குமே என்று அடக்கிக்கொண்டார்.

மிக்ஸி என்றதும் எதிர்வீட்டுச் சத்தம் ஞாபகம் வந்தது. நாலைந்து நாளாகக் காலையிலும் மாலையிலும் ரோசி வீட்டில் மிக்ஸி கதறிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு எதற்கு இவ்வளவு அரைப்பு? ரோசியின் கணவர் உபகாரசாமி, தபால் இலாகாவில் ரிட்டயர் ஆனவர், கேட்டருகில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நவநீதகிருஷ்ணன் அவரிடம் போனார்.

"சார், தப்பா நெனச்சுக்கக் கூடாது. ரோசியக்கா வாரத்துல ஒரு நாளாவது அம்மில அரைச்சா, கரண்டும் மிச்சம், உடம்புக்கும் நல்லதுங்க."

"எங்க வீட்டு மிக்ஸி ரிப்பேர் ஆகி ஒரு மாசம் ஆச்சே தம்பி" என்று சொன்ன உபகாரசாமி, சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதாவது, ரிப்பேர் ஆகற மாதிரி ஒரு சத்தம். அதச் சொல்ல வந்தேன்." தண்ணீர்க் குழாயை அப்படியே போட்டுவிட்டு உள்ளே நுழைந்துகொண்டார். தண்ணீர் வீணாகிறதே என்று நவநீதகிருஷ்ணன்தான் குழாயை மூடிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை ஆனது. சமையலறையில் கால் வைக்க இடமில்லை. கடைசி முயற்சியாகத் தெரு வாட்ஸப் குழுவில் எழுதினார்: நாளை காலை என் வீட்டுக்குச் சேலத்திலிருந்து முக்கியமான விருந்தாளிகள் வருகிறார்கள், தயவுசெய்து யாரும் எதையும் கொண்டுவர வேண்டாம். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நிம்மதியாகப் போய்ப் படுத்தார்.

வீட்டுக்கு ஒறம்பரை வருகிறது, பெண்பிள்ளை வீட்டில் இல்லை, கூச்சத்தில் வேண்டாம் என்கிறார்; தெரு அதை இப்படித்தான் படித்தது. ஞாயிறு காலை கதவைத் திறந்தால் வாசலில் ஓர் ஊர்வலமே நின்றது. காளியாத்தாள் பெரிய அடுக்கில் வெண்பொங்கல், அங்கமுத்து குண்டாவில் வடை, வாத்தியார் சம்படத்தில் கேசரி. ஒளித்துவைக்கலாம் என்று பிரிட்ஜைத் திறந்தார். புத்தகங்களை வெளியே எடுத்துக் கொண்டிருக்கும்போதே வாசலில் வேன் சத்தம் கேட்டது.

ஜாக்குலின் அம்மா முதலில் இறங்கினார். பின்னால் கேமராவோடு ஜெரால்ட் என்ற இளைஞரும், கதர்ச் சட்டை போட்ட ஏழெட்டுப் பேரும் இறங்கினார்கள். எல்லாரும் நேராகச் சமையலறைக்குத்தான் போனார்கள். ஒரே சட்டி, ஒரே தட்டைப் பார்ப்பதற்குத்தானே வந்திருக்கிறார்கள்.

தரையெல்லாம் எவர்சில்வர், எவர்சில்வர் எல்லாம் சோறு. ஜெரால்ட் ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்தார். நெய்யும் முந்திரியும் மணத்தன.

"கம்பங்கஞ்சின்னு சொன்னீங்க" என்றார் ஜாக்குலின் அம்மா.

நவநீதகிருஷ்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால்கூட, பாரம் குறைந்தது என்று இவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று தோன்றியது. அப்போதுதான் அவருடைய வாய் அவரைக் கேட்காமலே பேச ஆரம்பித்தது.

"இது எங்க ஊட்டுச் சமையல் இல்லீங்கம்மா. தெருவோட சமையல். ஊட்டுக்கு ஊடு அடுப்பு எதுக்கு? ஒரு ஊட்டுல செய்யறது இன்னொரு ஊட்டுக்குப் போகும். பாத்திரம் சுத்திக்கிட்டே இருக்கும். பிளாஸ்டிக் இல்ல, பிரிட்ஜ் இல்ல, ஒரு பருக்கை வீணாகிறது இல்ல. ஒரு வாரத்துக்கு முன்னாடி நாலஞ்சு கொய்யாப்பழத்துல நாந்தான் இத ஆரம்பிச்சு வெச்சேன்."

ஜாக்குலின் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்க இத்தன வருஷமா மேடையில பேசறதை நீங்க ஒரு தெருவுல செஞ்சு காட்டிட்டீங்க" என்றார். கைதட்டினார்கள். நவநீதகிருஷ்ணனுக்கு ஒரு நிமிடம் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. தனப்பிரியா இதைப் பார்க்க இங்கே இல்லையே என்ற ஒரு குறைதான் நெஞ்சை அறுத்தது.

"சமைக்கிறவங்களையும் ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா?" என்று ஜெரால்ட் கேட்டார்.

"அதுக்கென்ன, வாங்க." திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒரு தூக்குப்போசியைக் கையில் எடுத்துக்கொண்டு நவநீதகிருஷ்ணன் முன்னால் நடந்தார். முதலில் காளியாத்தாள் வீடு.

"பொங்கலுங்களா?" காளியாத்தாள் சேலைத் தலைப்பைத் திருகினார். "நான் கொண்டாந்து குடுத்தது மட்டுந்தானுங்க. செஞ்சது நானில்லீங்க. அங்கமுத்துவக் கேளுங்க."

அங்கமுத்து தலையைச் சொறிந்தார். "என்ற சம்சாரம் மக ஊட்டுக்குப் போயி பத்து நாளாச்சுங்க. எனக்கே சோறு அங்கிருந்துதான் வருது." எதிர்வீட்டைக் கை காட்டினார். வாத்தியார் கேட்காமலே எதிர்வீட்டைக் கை காட்டினார்.

ஜாக்குலின் அம்மா அசந்துபோனார். "ஒரே அடுப்புல ஒரு தெருவே சாப்பிடுதா?"

"எங்க ரோசியக்காதாங்க" என்றார் நவநீதகிருஷ்ணன், அந்த நிமிடம்தான் தெரிந்துகொண்டதை வெகுநாளாகத் தெரிந்த மாதிரி. "என்னோட யோசனைய முதல்ல புரிஞ்சுக்கிட்டது அவங்கதான். என்ற சம்சாரங்கூட அப்புறந்தான்."

கூட்டம் எதிர்வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு போனது. ஜெரால்ட் கேமராவைச் சரிசெய்தார். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நவநீதகிருஷ்ணன் போசியை மார்போடு அணைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, காலிங்பெல்லை அழுத்தினார். உபகாரசாமி கதவைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், போசியைப் பார்த்தார். இனி மறைத்துப் பயனில்லை என்பதுபோலப் பெருமூச்சு விட்டு, சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"தனம், மிக்ஸிய நிறுத்தும்மா. ரசத்துக்கு மிளகு அரைச்சது போதும், உன் வீட்டுக்காரரு போசியோட அவரே வந்துட்டாரு."